காஞ்சிக் கோலமும் மெல்லிய ரம்பமும்

பெரிய காஞ்சிபுரத்திலும் அதை ஒட்டிய பிள்ளையார்பாளையத்திலும் அன்னம், யாளி, மாங்காய், ருத்ராட்சம் என்று கட்டத்தாளில் புள்ளி நிரப்பி, அதைத் துளை அட்டையாக அடித்து, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றிச் சேலையில் எடுப்பது அன்றாட வேலை. ஒரு சித்திரத்தை எப்படிப் பிரித்தால் நூல் அதை ஏற்றுக்கொள்ளும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அதே சித்திரத்தை 6 மில்லிமீட்டர் பலகையில் ஊடுருவ வெட்டி எடுக்க ஒரு கருவி உண்டு: ஸ்க்ரோல் சா. மேசைமேல் வைக்கிற சிறிய மின்ரம்பம் அது. தையல் மெஷின் ஊசிபோல அதன் மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓட, பலகையைத்தான் கையால் திருப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை வீட்டுப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இணையத்தில் மெஷின் எளிதாகக் கிடைக்கிறது. வாங்கிய சில மாதங்களில் பல மெஷின்கள் பரணுக்குப் போய்விடுகின்றன. காரணம் பெரும்பாலும் இரண்டு. என்ன செய்வது என்ற கேள்விக்கு வெளிநாட்டு மாதிரிப் படங்களைத் தவிர வேறு பதில் கையில் இல்லை. பிளேடு உடைந்து, எண்ணெய் வற்றி, மெஷினின் மேசை துருப்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரப் பக்கத்தில் ஆளும் இல்லை. முதல் கேள்விக்குக் காஞ்சிபுரம் தெருவிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதற்கும் இந்த ஊரின் பொற்கொல்லர் கடை ஓரளவு கைகொடுக்கும்.

மெல்லிய பிளேடால் மரத்தில் சித்திரம் வெட்டுவது பழைய கலை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்ற தச்சுக் கலைஞர் ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரே வீச்சில் வெட்டி, ஒன்றின் பள்ளத்தில் மற்றதைப் பொருத்தினார். அரச மாளிகைகளின் மேசைகளும் அலமாரிகளும் அப்படி உருவாயின. 19ஆம் நூற்றாண்டில் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்கள் வந்தபோது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது வீட்டுக் கலையாகப் பரவியது. தையல் மெஷினைப் போலவே கால்மிதி, சக்கரம், பட்டை எல்லாம் அதில் இருந்தன. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ‘ஹாபீஸ்’ என்ற நிறுவனம் 1895இல் இந்தப் பொழுதுபோக்குக்காகவே வார இதழ் தொடங்கியது. இப்போது விற்கும் மின் ரம்பங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு கைகள் இணையாக அசைந்து பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும். ஜெர்மனியின் ஹெக்னர் மெஷின்கள்தான் அந்த அமைப்பைப் பரவலாக்கின.

நம் பக்கத்துக்கு வந்தால் மைசூர் முன்னால் நிற்கிறது. அங்கே ஈட்டி மரத்தில் வேறு நிற மரத்துண்டுகளையும், ஒருகாலத்தில் யானைத் தந்தத்தையும் பதித்துப் படம் செய்தார்கள். 1897இல் தொடங்கி 1912இல் கட்டி முடித்த அம்பா விலாஸ் அரண்மனையின் கதவுகளில் அந்த வேலையைப் பார்க்கலாம். பதிக்கும் துண்டுகளை வெட்டுவது வில் சட்டத்தில் கட்டிய நுண்ரம்பம்தான்; மின்சாரம் கிடையாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளியும் கொட்டாப்புளியும் ஆள்கின்றன. ரம்பத்துக்கு முரட்டு வேலை மட்டுமே. ஸ்க்ரோல் சா வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வாங்க வேண்டும். இந்தக் கருவி செதுக்காது. கோட்டை வெட்டும், அந்தக் கோடு நேர்த்தியாக இருந்தால் வேலையும் நேர்த்தியாக இருக்கும்.

கோடு என்றதும் கோலம்தான் நினைவுக்கு வர வேண்டும். விடியலில் வாசலில் போடுகிற சிக்குக் கோலம் இந்த ரம்பத்துக்கென்றே வரைந்ததைப் போல அமைந்திருக்கிறது. ஊடுருவ வெட்டும் வேலையில் எப்போதும் ஒரு தொல்லை உண்டு. நாலு பக்கமும் வெட்டிவிட்டால் நடுவில் உள்ள துண்டு விழுந்துவிடும். ‘ம’ என்ற எழுத்துக்குள் சிக்கிய துண்டு, மாங்காய்க்குள் இருக்கும் சின்ன மாங்காய், மயில் கண் எல்லாம் இப்படித்தான் போகும். அவற்றைத் தாங்க அங்கங்கே ஒரு பாலம் விட வேண்டும். அந்தப் பாலமே படத்தைக் கெடுக்கும். சிக்குக் கோலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கோட்டை மரமாக நிறுத்திவிட்டு, கோடுகளுக்கு நடுவில் உள்ள அறைகளை வெட்டி எடுத்தால் போதும். கோடு ஒரே இழையாகச் சுற்றி வருவதால் மரமும் ஒரே துண்டாக நிற்கும். இரண்டு மூன்று இழைகள் உள்ள கோலமானாலும் அவை ஒன்றையொன்று குறுக்கிட்டால் துண்டு கழலாது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இழைகள் குறுக்கிடும் இடங்களை எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால், உள்ளே வெட்ட வேண்டிய அறைகளின் எண்ணிக்கை வந்துவிடும். எட்டு வடிவில் ஒரு குறுக்கு, இரண்டு அறைகள். 24 குறுக்குகள் உள்ள கோலத்தில் 25 அறைகள். அதாவது 25 துளை போட்டு, 25 முறை பிளேடைக் கழற்றி நுழைத்து மாட்ட வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்படிக் கணித்துவிடலாம். அறைகளோடு புள்ளிகளும் போய்விடும் என்பதால், பின்னால் வேறு நிறப் பலகை ஒட்டி அதில் பித்தளை மணியைப் பதித்தால் புள்ளி திரும்பக் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் பலகையில் இழையின் அகலம் 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கையாளும்போது உடையாது. இதற்குப் பிளைவுட்தான் நல்லது. ஒற்றை மரப்பலகையில் வெட்டினால், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஓடும் வளைவுகள் பிஸ்கட்டாக ஒடிந்துபோகும்.

சேலைக் கரைகளிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் முதல் வேலைக்குக் கோபுரக் கரை வேண்டாம். அதன் முக்கோணம் எளிதாகத் தெரியும். கையில் எடுத்தால்தான் தெரியும், இந்த ரம்பத்துக்கு நேர்கோடு கடினம், வளைவு எளிது என்று. அன்னமும் மாங்காயும் முதல் மாதத்திலேயே வந்துவிடும். நேர்கோட்டில் சிறு நடுக்கமும் கண்ணில் குத்தும். வளைவு அதை மறைத்துவிடும்.

நவராத்திரிக் கொலுவுக்குத் தேவையானவை இன்னொரு பெரிய களம். சின்ன காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் காகிதக் கூழிலும் மண்ணிலும் பொம்மை செய்கிறார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. பொம்மைக்குப் பின்னால் நிற்கும் கோபுர நிழலுரு, படி விளிம்பில் தொங்கும் தோரணம், தெப்பக்குளத்துக்குச் சுற்றுச்சுவர், தேருக்குச் சக்கரம் என்று கொலு கேட்கும் துணைப்பொருள்கள் ஏராளம். இவற்றுக்குப் பூலின் உத்தி இன்றும் உதவும். மூன்று 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுகளை டேப்பால் சேர்த்துக் கட்டி ஒரே தடவை வெட்டினால் ஒரே மாதிரி மூன்று கிடைக்கும். அடுக்கினால் மெல்லிய பலகை நடுங்குவதும் குறையும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மாவட்டப் புதிர் நல்ல வேலை. வெட்டுப் புதிரே வரைபடத்தில்தான் பிறந்தது: 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோட்டில் வெட்டிப் பிள்ளைகளுக்குப் பாடமாக விற்றார். தமிழ்நாட்டுக்கு இப்போது 38 மாவட்டங்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. 2020இல் மயிலாடுதுறை 38ஆவது ஆனது. கடையில் கிடைக்கும் பழைய புதிர்களில் இவை இருக்காது. வீட்டில் வெட்டினால் காஞ்சிபுரம் தன் இன்றைய வடிவத்தில் கைக்கு வரும். சென்னை மிகச் சிறியது. துண்டு குழந்தை வாய்க்குள் போகாத அளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

கை நன்றாகப் பழகியபின் மரப்பதிப்புக்கு வரலாம். மேசையைச் சில பாகை சாய்த்து, வெளிர் மரத்தையும் கருத்த மரத்தையும் அடுக்கி வெட்டினால் ஒன்றின் பள்ளத்தில் மற்றது ஆப்பாக இறங்கி இடைவெளி தெரியாமல் உட்காரும். எத்தனை பாகை என்பது பலகையின் பருமனையும் பிளேடின் பருமனையும் பொறுத்தது. கழிவுத் துண்டில் சோதித்தே தீர வேண்டும். மைசூர்க்காரர்களின் வேலைக்கு நம் வீட்டிலிருந்து போகும் மிகக் குறுகிய வழி இதுதான்.

மரத்துக்கு ஊரில் பஞ்சமில்லை. கதவு, சன்னல் செய்யும் தச்சர் பட்டறைகளில் தேக்கும் வேம்பும் துண்டுதுண்டாகக் கழிவில் கிடக்கும். ஒரு கைப்பலகை அளவுக்கு மேல் நமக்குத் தேவையும் இல்லை. பூவரசு, மா, பலா எல்லாம் நன்றாக வெட்டுப்படும். ஈட்டி என்கிற தோதகத்தியை வாங்கும்போது ரசீது பார்த்து வாங்க வேண்டும்: அதற்குத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டே பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்பது சாதாரண வகை, ஐ.எஸ். 710 நீர் தாங்கும் வகை. முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, நடு அடுக்கில் பொந்து இருந்தால் தவிர்க்க வேண்டும். பிளேடு பொந்தைத் தாண்டும்போது துள்ளும். மெல்லிய பாலம் அங்கேதான் ஒடியும்.

நனைதலைப் பற்றியும் இந்த ஊரில் ஒரு வார்த்தை சொல்லலாம். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தடியில் இருக்கும் அத்தி வரதர் மரத்திருமேனி 1979இல் வெளிவந்து, பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் தந்தது. நீருக்கடியில் மரம் கெடாததற்குக் காரணம், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கே காற்று கிடைப்பதில்லை. மாறாக, நனைந்து காய்ந்து மறுபடி நனைகிற மரம்தான் சீக்கிரம் போகும், வளையும். ஐப்பசி மழையில் வாங்கிய பலகையை உடனே வெட்டாமல், இரண்டு வாரம் அறைக்குள் காற்றோட்டமாக அடுக்கி வைக்க வேண்டியது இதனால்தான்.

இனி பிளேடு. மெஷினைவிட முக்கியமானது இதுதான். விற்பவர்கள் இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். ஸ்க்ரோல் சா பிளேடு 5 அங்குல நீளம். இரண்டு முனையிலும் குறுக்கே ஆணி இருக்கும் வகை ஒன்று, வெறும் முனை வகை ஒன்று. ஆணி உள்ள பிளேடை நுழைக்க ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் துளை வேண்டும். நுணுக்கமான கோலத்துக்கு அது சரிவராது. வெறும் முனை பிளேடுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் துளை போதும். நகை வேலைக்குப் பொற்கொல்லர் வாங்கும் நுண்ரம்பப் பிளேடும் இதே நீளம்தான். டஜன் கட்டாகக் கிடைக்கும். பித்தளைத் தகடு, மெல்லிய பலகை வெட்ட அவற்றை மாட்டலாம். மரத்துக்கென்று தனியாக வாங்கும்போது 5ஆம் எண் நடுத்தரம். 1, 2 என்பவை நுணுக்கமான வேலைக்கு. 9, 12 தடித்த கட்டைக்கு. அடியில் சில பற்கள் தலைகீழாக இருக்கும் வகையை வாங்கினால் பலகையின் அடிப்பக்கம் பிசிறடிக்காது.

புதியவர்களை மிரட்டும் ஒரு பழக்கம் பிளேடுக்கு உண்டு. கோட்டில் நேராகத் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மெஷின் கோளாறு என்று எண்ணிப் பலர் திருப்பி அனுப்புகிறார்கள். பிளேடு தயாராகும்போது அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிர் தங்கிவிடுவதால் அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கிறது. பலகையைச் சில பாகை கோணலாகத் தள்ளப் பழகினால் தீர்ந்தது; ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

பிளேடு மழுங்கியது எப்படித் தெரியும்? பலகையை வழக்கத்தைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். வெட்டின் ஓரம் கருகும். அப்போதே மாற்றிவிட வேண்டும். தேக்கு, வேங்கை போன்றவற்றில் ஒரு பிளேடு அரை மணி நேரம் தாண்டுவதே அரிது. மிச்சம் பிடிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. பிளேடின் ஓட்டம் 2 சென்டிமீட்டர் அளவுதான். 6 மில்லிமீட்டர் பலகையில் அதன் நடுப்பகுதிப் பற்கள் மட்டுமே வேலை செய்து தேயும். அவை மழுங்கியதும் மேசைமேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றைப் பொருத்தி அதன்மேல் வெட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். படத்தாளின்மேல் பாக்கிங் டேப் ஒட்டினால் கருகலும் குறையும்.

இழுவிசை அடுத்த பாடம். பிளேடைச் சுண்டினால் வீணைத் தந்தியின் தெளிவோடு ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் தளர்வு. பிளேடு பிடிப்பானிலிருந்து நழுவினால், பிளேடு முனையில் இருக்கும் எண்ணெயை ஸ்பிரிட்டில் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டினால் பிடிக்கும். பிடிப்பானின் திருகு முனை பளபளவென்று தேய்ந்துவிட்டால் அதையும் அப்படியே தேய்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது இதைப் பார்ப்பவரின் மெஷின் தொல்லை தராது.

மேசைக்கும் பிளேடுக்கும் செங்கோணம் இருக்கிறதா என்று பார்க்கத் துல்லியமான கருவி எதுவும் வேண்டாம். தடித்த கட்டையில் முன்பக்கமிருந்து ஒரு சிறு வெட்டுப் போட்டு, கட்டையைப் பின்பக்கம் கொண்டுபோய் அதே வெட்டைப் பிளேடின் முதுகில் வைத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு நுழைந்தால் சரி. இடித்தால் மேசை சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு புது வேலைக்கு முன்பும் இது ஒரு நிமிட வேலை.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுச் சிக்கனம் கேடு விளைவிக்கும். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது. நாளடைவில் பிசினாகி மரத்தூளையும் சேர்த்துக்கொண்டு மூட்டுகளை அடைத்துவிடும். கைகள் அசையும் மூட்டுகளில் மெல்லிய மெஷின் எண்ணெய் வேண்டும். மேலிருந்து இரண்டு சொட்டு விட்டால் உள்ளே போகாது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மெஷினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூட்டில் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட வேண்டும்; மறுநாள் மறுபக்கம். கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் உள்ள மாடல்களுக்கு இது தேவையில்லை. கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரஷ் மோட்டார் என்றால் கார்பன் பிரஷ் தேயும். மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் அதை மாற்றிப் பார்க்கலாம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட் மெஷினை நேராகச் செருகினால் எரியும். டிரான்ஸ்பார்மர் போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கான தூண்டல் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

மழைக்காலத்தில் வார்ப்பிரும்பு மேசை ஒரே இரவில் செம்மை பூசிக்கொள்ளும். ஐப்பசி பிறக்கும் முன் மேசையைத் துடைத்து, மெழுகுத் துண்டால் தேய்த்து, துணியால் மெருகேற்றி வைத்தால் போதும். பலகையும் வழுக்கிப் போகும். சிலிகான் ஸ்பிரே வேண்டாம். அது பலகையில் ஒட்டிக்கொண்டு பாலீஷ் பிடிக்காமல் செய்யும்.

காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவை. முன்கட்டில் தறி இருக்கும் வீட்டில் பின்கட்டில் ரம்பம் ஓடினாலும் தூசி பாவின்மேல் இறங்கும். எண்ணெய்க் கை பட்டால் பட்டு கறையாகும். ரம்பத்துக்கு மாடியோ தனிக் கொட்டகையோ வேண்டும். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. எம்.டி.எஃப். என்கிற மரநார்ப் பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடும் இருக்கிறது. நல்ல முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் உட்காரக் கூடாது. முந்தானை, துண்டு, அவிழ்ந்த தலைமுடி எதுவும் மெஷின் பக்கம் போகக் கூடாது. மரத்துக்கு மெருகாக ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

கணினி மெஷினால் வெட்டும் சி.என்.சி. கடைக்காரர் பூசையறைக் கதவுக்கு ஜாலி வெட்டித் தரும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நூறு பிரதி வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் 3 மில்லிமீட்டர் சுழல்முனை உள்மூலையை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிடும். கூர் மூலை வராது. லேசர் ஓரத்தைக் கருக்கும். தாத்தா வீட்டுத் தேக்குக் கதவின் ஒரு துண்டில் ரேகை பார்த்து, அம்மா போட்ட கோலத்தை வெட்டி எடுப்பது ஒற்றைப் பிரதி வேலை. அதற்கு இந்தச் சிறு ரம்பம்தான் பொருத்தம்.

ஆகவே ஆர்வம் உள்ளவர்கள் முதலில் வில் சட்டக் கைரம்பமும் ஒரு டஜன் பிளேடும் வாங்கி, எட்டுப் பத்துக் குறுக்குகள் உள்ள ஒரு கோலத்தை வெட்டி முடிக்கட்டும். அது பிடித்திருந்தால் மெஷின் வாங்கலாம். வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்க வேண்டியதில்லை. வெறும் முனை பிளேடு மாட்டலாமா, வேகத்தைக் குறைக்க முடியுமா, உதிரிப் பிடிப்பான் இங்கே கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு ஆம் என்ற பதில் வராத மெஷினை வாங்க வேண்டாம்.